பன்னிரண்டு வெர்ஷோக் மனிதர்

புள்ளியின் அம்மா பெட்டி செய்கிறவள். துணி வைக்கிற பெட்டி இல்லை. அருங்காட்சியகத்தில் பழைய வாளையும் கிரீடத்தையும் உள்ளே வைத்து, மேலே ‘தொடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டியிருப்பார்களே, அந்தக் கண்ணாடிப் பெட்டி. எல்லோரும் வாளைப் பார்ப்பார்கள், கிரீடத்தைப் பார்ப்பார்கள். பெட்டியை யாரும் பார்ப்பதில்லை. “பெட்டி கண்ணுல படலன்னா அது நல்ல பெட்டி” என்பாள் அம்மா.

புள்ளி என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. பலகையில் ரம்பம் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று அம்மா அளந்து சொல்வாள். மகள் பென்சிலால் அங்கே ஒரு புள்ளி வைப்பாள். நான்கு வயதில் தொடங்கிய வேலை அது. இப்போது பத்து வயது. சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். நல்ல குணம்தான். ஆனால் சில சமயம் யாரும் எள்ளே கேட்டிருக்க மாட்டார்கள். அவளுடைய கணக்கு ஆசிரியை மதிப்பெண் அட்டையில் இப்படி எழுதியிருந்தார்: ‘நன்றாகக் கணக்குப் போடுகிறாள். கேள்வியை முழுதாகப் படித்தால் இன்னும் நன்றாகப் போடுவாள்.’

ஒரு திங்கட்கிழமை மாலை, அருங்காட்சியகத்தின் காப்பாளர் அம்மாவின் பட்டறைக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற பெண்மணி அவர். கையில் ஒரே ஒரு தாள்.

“ரஷ்யாவுல இருந்து ஒரு பழைய கோட்டு கப்பல்ல வருதும்மா. அரண்மனை வாசல்ல நின்ன காவலரோட கோட்டு. வியாழக்கிழமை சாயங்காலம் வந்து சேரும். வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குத் திறப்பு. அதுக்குள்ள பெட்டி ரெடியா இருக்கணும்.”

“கோட்டு வராம நான் எப்படி மேடம் பெட்டி செய்யறது? அளவு வேணுமே.”

“அளவு இதுல இருக்கு” என்று காப்பாளர் தாளை நீட்டினார்.

கப்பல் அலுவலகத்தில் யாரோ ஒருவர் ரஷ்யப் பட்டியலைத் தமிழாக்கியிருந்தார். தெரிந்த சொற்களை மாற்றிவிட்டு, தெரியாத சொற்களை அப்படியே விட்டிருந்தார். நேர்மையான வழிதான். படிக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

‘பொருள் ஒன்று: வாயிற்காவலரின் கோட்டு. காவலரின் உயரம் பன்னிரண்டு வெர்ஷோக்.’

“வெர்ஷோக்குன்னா?” என்று கேட்டாள் அம்மா.

“எனக்கும் தெரியல. கேட்டுச் சொல்றேன்னாங்க. சொல்லல.”

“நான் கண்டுபிடிக்கறேன்!” என்று மரத்தூளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று சொல்லத் தேவையில்லை.

காப்பாளர் தலையைத் தடவிக் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற வண்டியிலிருந்து இரண்டு பேர் கம்பளியில் சுற்றிய ஒரு பெரிய கண்ணாடியை இறக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். கிட்டத்தட்ட ஒரு கதவு அளவு இருந்தது.

“இது எங்க பழைய கூடத்துக் கண்ணாடி. இந்தத் தடிமன்ல இப்ப யாரும் செய்யறதில்ல. எங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். பாத்து வெட்டச் சொல்லுங்க” என்றார் காப்பாளர்.

“ஒண்ணே ஒண்ணா?”

“ஒண்ணே ஒண்ணு.”

அவர் போன பிறகும் அம்மா அந்தக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் பள்ளிக்கூட நூலகத்தில், இரண்டு கையால் தூக்க வேண்டிய ஓர் அகராதியைப் புள்ளி இறக்கினாள். அதில் வெர்ஷோக் இருந்தது.

‘வெர்ஷோக்: பழைய ரஷ்ய நீள அளவு. சுமார் 4.45 சென்டிமீட்டர். பதினாறு வெர்ஷோக் சேர்ந்தது ஓர் அர்ஷின்.’

பன்னிரண்டை 4.45-ஆல் பெருக்க அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர், கொஞ்சம் கூடுதல். மாலையில் வீட்டுக்கு ஓடி வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே விடையைச் சொல்லிவிட்டாள்.

“ஐம்பத்து மூணா?” அம்மா கையில் இருந்த இழைப்புளியைக் கீழே வைத்தாள். “காவலர்னு போட்டிருக்கு. அம்பத்து மூணு சென்டிமீட்டர்ல ஒரு ஆளா? நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்மா. ரெண்டு தடவை பெருக்கினேன்.”

அம்மா காப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் ஏதோ அவசரத்தில் இருந்தார். “பொம்மையா இருக்கும்மா. அந்தக் காலத்து அரண்மனைல பெரிய பெரிய பொம்மை செஞ்சு, அதுக்கு நிஜ ஆள் மாதிரி உடுப்புப் போட்டு வைப்பாங்க. உங்க பொண்ணு கெட்டிக்காரி, நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கெட்டிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கும்தான். அன்றே ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர் பொம்மைக்கு ஏற்ற, தலையில்லாத ஒரு மர உடம்பு தயாரானது. கோட்டை மாட்டி வைக்கும் தாங்கி அது. தோள்பட்டையை அம்மா உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தாள். பெட்டிக்கான சட்டமும் எண்பது சென்டிமீட்டர் உயரத்தில் எழுந்து நின்றது. ஐந்து வயதுத் தம்பி அந்தத் தாங்கியின் பக்கத்தில் நின்று, தன் தலை அதைவிட உயரத்தில் இருப்பதைப் பார்த்துப் பரம திருப்தி அடைந்தான்.

அதோடு விட்டிருக்கலாம். அம்மா கண்ணாடிக்காரரிடம் பெருமையைச் சொல்லிவிட்டாள்.

கண்ணாடி வெட்ட அந்தத் தெருவுக்கே அவர்தான். அவருக்கு இரண்டு திறமைகள். ஒன்று, எவ்வளவு தடித்த கண்ணாடியையும் கோடு பிசகாமல் வெட்டுவார். இன்னொன்று, காலையில் கேட்ட செய்தியை மதியத்துக்குள் தெரு முழுவதும் பரப்புவார். புதன்கிழமை புள்ளி பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சைக்கிள் கடைக்காரர் கூப்பிட்டார்.

“என்ன ரஷ்யக்காரி! அந்த ஊர் அளவெல்லாம் விரல் நுனில இருக்காமே?”

“கொஞ்சம் கொஞ்சம் தெரியும், அண்ணா.”

“நேத்து வரைக்கும் புள்ளி. இன்னைக்குப் பெரும்புள்ளி!”

தெரிந்தது ஒரே ஒரு சொல். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

அன்று மாலை நாலரை மணிக்குக் காப்பாளரிடமிருந்து பட்டியலின் இரண்டாவது தாள் வந்தது. கூடவே வெள்ளை அட்டைகளும் வந்தன. புள்ளியின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பொருள்களின் பெயரை அட்டைகளில் எழுதித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஐந்து மணிக்குக் கண்ணாடிக்காரர் வருவதாக இருந்தது. அம்மா மேசையைத் துடைத்து, கம்பளி விரித்து, கண்ணாடியை அதன்மேல் படுக்க வைத்திருந்தாள். புள்ளி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள்.

‘பொருள் இரண்டு: காவலரின் பூட்ஸ். அடிப்பாகத்தின் நீளம் ஏழு வெர்ஷோக்.’

கை தானாகவே பெருக்கியது. முப்பத்தோரு சென்டிமீட்டர். அவள் அட்டையில் ‘காவலரின் பூட்ஸ்’ என்று எழுதினாள். ‘ஸ்’-க்குப் புள்ளி வைக்கும்போது கை நின்றுவிட்டது.

ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர் பொம்மை. அதற்கு முப்பத்தோரு சென்டிமீட்டர் பூட்ஸா?

“டேய், இங்க வா” என்று தம்பியைக் கூப்பிட்டாள். அவன் பழைய அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

“வண்டி நிக்காது. இது எக்ஸ்பிரஸ்.”

“ஒரு ஆள் ஏறணும்.”

வண்டி நின்றது. புள்ளி அவனை நிற்க வைத்து அளந்தாள். உயரம் நூற்று ஆறு. பாதம் பதினேழு. ஆறால் பெருக்கினால் கிட்டத்தட்ட உயரம் வந்துவிடுகிறது. தன்னையும் அளந்தாள். அவளுக்கும் அப்படித்தான் வந்தது, கொஞ்சம் கூடக்குறைய. தம்பியின் இரண்டு செருப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால்கூட அந்தப் பூட்ஸ் அளவுக்குத்தான் வரும் போலிருந்தது.

“உன் உயரத்துல பாதி இருக்கிற ஒரு ஆளு, உன் செருப்பு மாதிரி ரெண்டு மடங்கு செருப்பு போட்டா எப்படி இருக்கும்?”

தம்பி யோசித்தான். “வாத்து மாதிரி” என்றான்.

புள்ளி அடுத்த வரியைப் படித்தாள்.

‘பொருள் மூன்று: குதிரைக்குப் போர்த்தும் கம்பளி. குதிரையின் உயரம் மூன்று வெர்ஷோக்.’

பதின்மூன்று சென்டிமீட்டர் குதிரை. அவளுடைய டிபன் டப்பாவுக்குள் அது படுத்துத் தூங்கலாம். சாதாரணமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

‘பொருள் நான்கு: காவலரின் கைக்கோல். காவலரின் உயரத்துக்குச் சரியாகச் செய்யப்பட்டது. நீளம் இரண்டு அர்ஷின் பன்னிரண்டு வெர்ஷோக்.’

இதை அவள் முழுதாகப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். காவலரின் உயரமும் கோலின் நீளமும் ஒன்று. கோல், இரண்டு அர்ஷின் பன்னிரண்டு வெர்ஷோக். காவலர், வெறும் பன்னிரண்டு வெர்ஷோக். பன்னிரண்டு இரண்டிலும் இருக்கிறது. அந்த இரண்டு அர்ஷின் எங்கே போயிற்று?

ஓர் அர்ஷினுக்குப் பதினாறு வெர்ஷோக். இரண்டுக்கு முப்பத்திரண்டு. கூட ஒரு பன்னிரண்டு. மொத்தம் நாற்பத்து நான்கு. அட்டையின் பின்பக்கத்தில் பெருக்கினாள். நூற்றுத் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர் வந்தது. பூட்ஸின் முப்பத்தொன்றை ஆறால் பெருக்கிப் பார்த்தாள். நூற்று எண்பத்தாறு, கிட்டத்தட்ட அதே. குதிரைக்கும் இரண்டு அர்ஷினைச் சேர்த்தாள். நூற்று ஐம்பத்தாறு வந்தது. அது நிஜக் குதிரையின் உயரம்தான்.

வரப்போகிற கோட்டு பொம்மையுடையது இல்லை. ஒரு பெரிய மனிதருடையது.

வாசலில் மணிச் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

“எங்க நம்ம பெரும்புள்ளி? அம்பத்து மூணு சென்டிமீட்டர் ராஜாவுக்கு அரண்மனை கட்டிடலாமா?” என்றார். பையிலிருந்து சின்னச் சக்கரம் வைத்த வெட்டுக் கருவியை எடுத்து எண்ணெயில் தொட்டார்.

அம்மா அளவை வாசிக்கத் தொடங்கினாள். “முன்பக்கம் உயரம் எண்பது, அகலம் அறுபது.”

தெரு முழுக்கப் புள்ளியைப் பற்றித்தான் பேச்சு. அம்மா இரண்டு நாள் வேலை செய்து, மரத்தை வெட்டி, இழைத்து, தேய்த்து வைத்திருக்கிறாள். எல்லாம் புள்ளி சொன்ன ஒரே ஒரு எண்ணை நம்பி. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? பொம்மை என்று சொன்னது காப்பாளர். பட்டியலை அரைகுறையாக எழுதியது கப்பல் அலுவலகத்துக்காரர். பழி போட ஆளுக்கா பஞ்சம்?

ஆனால் இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நாளை மாலை பூசணிக்காயே கப்பலில் வந்து இறங்கிவிடும். அதற்குள் அந்த ஒரே ஒரு கண்ணாடி துண்டு துண்டாகியிருக்கும்.

கண்ணாடிக்காரர் மரக்கோலைக் கண்ணாடியின் மேல் வைத்தார்.

“மாமா, வெட்டாதீங்க!”

எதிர்பார்த்ததைவிட சத்தமாக வந்துவிட்டது. அட்டைப் பெட்டிப் பேருந்துகூட நின்றுவிட்டது.

“என்னாச்சு?” என்றாள் அம்மா.

“நான் தப்பாப் போட்டுட்டேன்மா. அவரு பொம்மை இல்ல. ஆள். நூத்துத் தொண்ணூத்தாறு சென்டிமீட்டர்.”

கண்ணாடிக்காரர் கருவியைப் பிடித்தபடியே நின்றார். அம்மாவின் முகம் சிவந்தது.

“நேத்து அம்பத்து மூணுன்ன. இன்னைக்கு நூத்துத் தொண்ணூத்தாறுங்கற. நாளைக்கு எவ்வளவு சொல்லுவ?”

புள்ளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கணக்கைச் சொல்ல முடியாது என்பதால் அதை விழுங்கிக்கொண்டாள். தாளை மேசையில் வைத்து, பூட்ஸைக் காட்டினாள். குதிரையைக் காட்டினாள். கடைசியில் கோலைக் காட்டினாள்.

“கோலும் அவரும் ஒரே உயரம்னு எழுதியிருக்கும்மா. கோலுக்கு முழுசாச் சொல்லியிருக்காங்க. ஆளுக்கும் குதிரைக்கும் மட்டும் அந்த ரெண்டு அர்ஷினை விட்டுட்டுச் சொல்லியிருக்காங்க.”

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். “அதெப்படிம்மா? ஒன்றரை மீட்டரை யாராவது சொல்லாம முழுங்குவாங்களா? நான் அளவுத் தொழில்ல இருக்கறவன். இப்படி ஒரு அநியாயத்தைக் கேட்டதே இல்ல.”

புள்ளி அவரையே பார்த்தாள்.

“மாமா, நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?”

“நானா? எழுபத்தெட்டு.”

“எழுபத்தெட்டாம் வருஷமா? அப்ப உங்களுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் வயசுக்கு மேல ஆகுதா?”

“ஏய், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு!”

“அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை ஏன் மாமா முழுங்குனீங்க?”

“அதை எதுக்குச் சொல்லணும்? எல்லாருக்கும் அதுதானே...” என்று ஆரம்பித்தவர் வாயைத் திறந்தபடியே நிறுத்திக்கொண்டார்.

“அதேதான் மாமா. வளர்ந்த ஆளுன்னா எப்படியும் ரெண்டு அர்ஷினுக்கு மேலதான் இருப்பாங்க. அதனால அதைச் சொல்ல மாட்டாங்க. மிச்சத்தைத்தான் சொல்லுவாங்க. நான் அகராதில வெர்ஷோக் எவ்வளவுன்னு மட்டும் பாத்தேன். அதை அவங்க எப்படிச் சொல்லுவாங்கன்னு பாக்கல.”

கண்ணாடிக்காரர் கருவியை மெதுவாகப் பைக்குள் வைத்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவர் முகமே சொன்னது.

அம்மா தாளைத் தானே ஒரு முறை படித்தாள். கையில் பென்சில் எடுத்துத் தானே ஒரு முறை பெருக்கினாள். பிறகு காப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“மேடம், கோட்டு வர்ற பெட்டி எவ்வளவு பெரிசு?”

“மடிச்சுத்தான் வச்சிருப்பாங்க. அதை வச்சு அளவு தெரியாதேம்மா.”

புள்ளி அம்மாவின் முந்தானையை இழுத்தாள். “எடை கேளும்மா, எடை.”

“சரி, கோட்டோட எடை எவ்வளவுன்னு ஏதாவது ரசீதுல இருக்கா?”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “இருங்க... கோட்டு மட்டும் ஆறு கிலோ.” பிறகுதான் அவருக்கே உறைத்தது. “ஆறு கிலோவா! பொம்மைக்கு எதுக்கும்மா ஆறு கிலோ கோட்டு?”

“அதான் மேடம், நாங்களும் யோசிக்கறோம்” என்று சொல்லி அம்மா தொலைபேசியை வைத்தாள்.

சுவரோரம் அந்தக் குட்டித் தாங்கி வழவழவென்று நின்றுகொண்டிருந்தது. அம்மா அதைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு நாள் உழைப்பு. அவளுக்குக் கோபம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“முதல் கோணல் முற்றும் கோணல்னு சும்மாவா சொன்னாங்க. நான் கேட்டப்போ பாத்தேன் பாத்தேன்னு சொன்னியே.”

“பாத்தேன்மா. பாதிதான் பாத்தேன்.”

“எனக்கும் அப்பவே சந்தேகம் வந்துச்சு. நானும் விட்டுட்டேன்.” அம்மா தாங்கியைத் தம்பியிடம் கொடுத்தாள். “இந்தாடா, உன் பஸ்ஸுக்கு ஒரு பயணி.” பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு புள்ளியைப் பார்த்தாள். “கண்ணாடி வெட்டறதுக்கு முன்னாடி வாயைத் திறந்தியே. மரம் போனாப் போகுது, வேற மரம் வாங்கிக்கலாம். ஆனா இனிமே பாதி பாத்தா, பாதிதான் பாத்தேன்னு சொல்லணும். புரியுதா?”

புள்ளி தலையாட்டினாள். இவ்வளவு நேரம் விழுங்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. அம்மா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் சேலை முழுவதும் மரத்தூள் இருந்ததால் புள்ளிக்குத் தும்மல் வந்தது. அழுகை நின்றுவிட்டது.

கண்ணாடிக்காரர் கண்ணாடியை நீளவாக்கில் அளந்தார். இருநூற்று இருபது சென்டிமீட்டர். காவலரின் உயரம், அடியில் பீடம், மேலே கொஞ்சம் இடம். எல்லாம் சேர்த்தால் இருநூற்றுப் பதினெட்டு.

“அடப்பாவமே, ரெண்டு சென்டிமீட்டர் வெட்டறதுக்கா நான் இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சு வந்தேன்?” என்றார்.

“அந்த ரெண்டையும் வெட்டாதீங்க. பீடத்தை ரெண்டு சென்டிமீட்டர் உயர்த்திக்கறேன்” என்றாள் அம்மா.

“ஆக மொத்தம் எனக்கு வேலையே இல்லேங்கறீங்க.”

“வேலை இருக்கு. அந்தப் பக்கம் பிடிங்க. பக்கப் பலகை அறுக்கணும்.”

கண்ணாடிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பலகையைப் பிடித்தார். பக்கங்கள் இரண்டும் மரம், முன்பக்கம் மட்டும் அந்த ஒற்றைக் கண்ணாடி என்று அம்மா முடிவு செய்தாள். அவள் அளந்து சொல்லச் சொல்ல, புள்ளி பென்சிலால் குறித்தாள். இம்முறை ஒவ்வொரு இடத்தையும் டேப்பை மறுபடி வைத்துச் சரிபார்த்த பிறகே குறித்தாள். அதனால் வேலை கொஞ்சம் மெதுவாகப் போனது. யாரும் குறை சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாலை பெட்டியும் புதிதாகச் செய்த பெரிய தாங்கியும் அருங்காட்சியகத்துக்குப் போயின. அம்மா, புள்ளி, தம்பி, கண்ணாடிக்காரர் நான்கு பேரும் கூடவே போனார்கள். கண்ணாடிக்காரருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மறுநாள் தெருவுக்குச் செய்தி சொல்ல வேண்டுமே, அதற்காக வந்தார்.

கப்பலில் வந்த பெட்டியைத் திறந்ததும் பழைய கம்பளி வாசனை கூடம் முழுவதும் பரவியது. இரண்டு பணியாளர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கோட்டை வெளியே எடுத்தார்கள். அது வந்துகொண்டே இருந்தது. காலர் வந்தது, தோள் வந்தது, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்கள் வந்தன, அதற்குப் பிறகும் கோட்டு மிச்சம் இருந்தது.

“யம்மாடி!” என்றான் தம்பி.

புதுத் தாங்கியின் தோள்மேல் கோட்டை மெதுவாக மாட்டினார்கள். தோளும் தோளும் பொருந்தின. கைகள் சரியான இடத்தில் தொங்கின. கோட்டின் விளிம்பு பூட்ஸைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பக்கத்தில் கோலை நிறுத்தினார்கள். தலை இருந்திருந்தால் அதன் உச்சி எங்கே வருமோ, அங்கே கோலின் நுனி முடிந்தது.

அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற புள்ளிக்குக் கேட்டது.

முன்பக்கக் கண்ணாடியைப் பொருத்தியதும் காப்பாளர் நாலடி தள்ளி நின்று பார்த்தார். வாசலில் நிஜமாகவே ஒரு காவலர் நிற்பது போலிருந்தது.

“பெட்டியே கண்ணுக்குத் தெரியலையேம்மா!” என்றார். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. “இந்தக் கணக்கைக் கண்டுபிடிச்சது யாரு?”

“வேற யாரு? நம்ம பெரும்புள்ளிதான்!” என்று கண்ணாடிக்காரர் முந்திக்கொண்டார்.

“முதல்ல தப்பாப் போட்டதும் நான்தான் மேடம்” என்றாள் புள்ளி. “ஒரு தாங்கியும் ஒரு சட்டமும் வீணாப்போச்சு.”

காப்பாளர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். “பொம்மைன்னு சொன்னது நான். அதனால அந்தத் தப்புல பாதி என்னோடது” என்றார். பிறகு அவள் எழுதிய அட்டையை எடுத்துப் பெட்டியின் கீழே செருகினார். அதில் இப்படி இருந்தது:

‘வாயிற்காவலரின் கோட்டு. உயரம் 12 வெர்ஷோக். (அதாவது, சொல்லாமல் விட்ட இரண்டு அர்ஷினையும் சேர்த்து 196 சென்டிமீட்டர்.)’

கண்ணாடிக்காரருக்கு உடனே தன் உயரம் தெரிந்தாக வேண்டியிருந்தது. தூணோரம் விறைப்பாக நின்றார். அம்மா டேப்பைப் பிடித்தாள். நூற்று அறுபத்தெட்டு. புள்ளி அதில் இரண்டு அர்ஷினுக்கான நூற்று நாற்பத்திரண்டைக் கழித்து, மிச்சத்தை வகுத்துச் சொன்னாள்: “கிட்டத்தட்ட ஆறு வெர்ஷோக், மாமா.” ரசீது வாங்காத குறையாக அவர் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். காப்பாளர் நான்கு வெர்ஷோக். அம்மாவும் நான்கு, நூலளவு கூடுதல்.

“சரி, நீ எத்தனை வெர்ஷோக்?” என்று காப்பாளர் புள்ளியைக் கேட்டார்.

புள்ளி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தூணோரம் போய் நின்று, அம்மாவை அளக்கச் சொன்னாள். அம்மா அளந்தாள். நூற்று முப்பத்தேழு. புள்ளி விரல்விட்டு எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள்.

“சொல்ல முடியாது மேடம். அவங்க கணக்குல நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல” என்றாள்.

“ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லி, அம்மா டேப்பைச் சுருட்டினாள்.